முளைப்பயறு 4.0: ஒரு வடிகட்டி, ஒரு ஈரத்துணி, ஒரு இட்லிப் பானை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். காதால் கேட்க நேரமில்லாதவர்களுக்காக. நான் இழுத்த இடங்களையும் உளறிய இடங்களையும் வெட்டியாச்சு; மற்றதெல்லாம் பேசினபடியே.)

இன்னைக்கு எபிசோட்ல கோட் இல்லை, கிளவுட் இல்லை, ஏஐ இல்லை. பச்சைப்பயறு மட்டும்தான்.

சிரிக்காதீங்க. வீட்ல கிடக்கற சாமானை வச்சு முளைகட்டற கருவி ஒண்ணு செய்யலாம்னு இறங்கினேன். முதல் ரெண்டு வெர்ஷன் ஊத்திக்கிச்சு. மூணாவது வெர்ஷன் சூப்பரா வேலை செஞ்சுது, அதைச் சாப்பிட்டு நானும் என் ரூம்மேட்டும் ரெண்டு நாள் எழுந்திரிக்க முடியாம கிடந்தோம். அந்த வாரக் கடைசியில அதைச் சாப்பிட இன்னொரு ஆளும் வர்றதா இருந்துச்சு. என் அக்கா. அப்போ அவளுக்கு ஆறாவது மாசம். "உனக்கு ஸ்பெஷலா முளைப்பயறு சாலட் செய்யறேன், வா"ன்னு நான்தான் கூப்பிட்டிருந்தேன். டிரெயின் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாததால அவ வரலை.

அந்த வெயிட்டிங் லிஸ்டுக்கு நான் இன்னைக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கேன். ஏன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

விதைக்கு என்னதான் வேணும்?

கருவி செய்யறதுக்கு முன்னாடி ரெக்வயர்மென்ட் எழுதணும் இல்லையா? நான் எழுதலை. அதுதான் முதல் தப்பு. இப்போ எழுதிடலாம்.

காய்ஞ்ச பயறு செத்துப் போன பொருள் இல்லை, தூங்கற பொருள். தண்ணி உள்ள போனதும் எழுந்துக்குது. உள்ளே என்சைம்கள் வேலையை ஆரம்பிக்குது, சேமிச்சு வச்சிருக்கற மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்குது, அந்தச் சக்தியில வேர் வெளியே வருது. இதுக்கு ஆக்ஸிஜன் வேணும். விதை நம்மள மாதிரியே மூச்சு விடுது, நம்மள மாதிரியே சூடும் ஆகுது. ஒரு கிலோ பயறைக் குவியலா கட்டி வச்சுட்டு நடுவுல கைய விட்டுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கும்.

ஆக, ஈரம் வேணும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது. தேங்கினா மூச்சு முட்டிப் புளிச்ச வாடை வரும். காத்து வேணும், ஆனா காய்ஞ்சு போகக் கூடாது. சூடு வெளியே போகணும். அவ்வளவுதான்.

வெளிச்சம் தேவையே இல்லை. இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். எங்க பாட்டி ஊர்ல முளைப்பாரி போடுவாங்க. சட்டியில எருவும் மண்ணும் போட்டு, நவதானியத்தைத் தூவி, வெயில் படாத இருட்டு அறையில வச்சிருப்பாங்க. திருவிழா அன்னைக்கு வெளியே எடுத்தா முளை வெளிர் மஞ்சளா, நெடுநெடுன்னு நிக்கும். வெளிச்சத்தைத் தேடி நீளமா ஓடற முளை அது. சாப்பாட்டுக்கு வேண்டியது பருப்புக்குள்ளேயே இருக்கறதால, முதல் சில நாளைக்குச் சூரியன் இல்லாமலே ஓட்டிடும்.

வெர்ஷன் 1: துணி மூட்டை

அம்மா டெக்னிக். எட்டு மணி நேரம் ஊற வச்சு, தண்ணிய வடிச்சு, பருத்தித் துணியில கட்டித் தொங்க விடுறது. கேழ்வரகை முளைகட்டி சத்துமாவு அரைக்கறப்போ எங்க வீட்ல இதுதான்.

அம்மா வீட்ல இருப்பாங்க. போறப்போ வர்றப்போ ரெண்டு கை தண்ணி தெளிப்பாங்க. நான் காலையில எட்டரைக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்குத்தான் ரூமுக்கு வருவேன். சென்னை, மே மாசம், மூட்டைக்கு நேர் மேலே ஃபேன். திரும்பி வந்தப்போ வெளிப்பக்கப் பயறு கல்லு மாதிரி காய்ஞ்சு கிடந்துச்சு, நடுவுல இருந்தது மட்டும் சூடாகி வாடை அடிச்சுது.

டெக்னிக் மேல தப்பு இல்லை. அந்த சிஸ்டத்துல அம்மாவும் ஒரு பாகம்னு எனக்குத்தான் தெரியலை.

வெர்ஷன் 2: பாட்டில்

அகல வாய் கண்ணாடி பாட்டில், வாயில துணி, ரப்பர் பேண்ட். இன்டர்நெட் முழுக்க இதுதான். நான் பண்ண தப்பு, பாட்டிலை நேரா நிக்க வச்சுட்டேன். கழுவின தண்ணி கொஞ்சம் அடியில தங்கிடுச்சு. மேல இருந்த பயறு அழகா முளைச்சுது, அடியில இருந்தது கொழகொழன்னு ஆயிடுச்சு.

பாட்டில்தான் வேணும்னா, வாய் கீழே பார்க்கற மாதிரி சாய்ச்சு, பாத்திரம் கவுக்கற ஸ்டாண்ட்ல வைங்க. பாதி பாட்டிலுக்கு மேல முளை வளராத அளவுக்குப் பயறு போடுங்க. காத்து உள்ள போக இடம் இருக்கணும். இது நல்ல டிசைன்தான், ஆனா ஒரு குறை இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

வெர்ஷன் 3: என்ஜினியர் எழுந்துட்டான்

இங்கதான் எனக்குள்ள இருந்த பி.இ. பட்டம் முழிச்சுக்கிச்சு. பிரச்சனை என்ன? ஆள் இல்லாதப்போ தண்ணி தெளிக்கணும். அப்போ ஆட்டோமேட் பண்ணிடுவோம்!

மீன் தொட்டிக்குப் போடற சின்ன பம்ப். ஒரு பிளாஸ்டிக் டப்பா, அடியில வரிசையா ஓட்டை. கீழே ஒரு பக்கெட். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு நிமிஷம் பம்பை ஓட்ட ஒரு குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. தண்ணி பயறு மேல ஊத்தும், ஓட்டை வழியா பக்கெட்டுக்கே திரும்ப வரும், பம்ப் அதையே மறுபடி மேல ஏத்தும். தண்ணி வீணாகாதுன்னு எனக்கு ரொம்பப் பெருமை.

ஓட்டை போட்டது சால்டரிங் அயர்ன்ல. வீடியோ கால்ல பெருமையா காட்டினேன். அம்மா கேட்டாங்க, "டேய், அதுல ஈயம் ஒட்டியிருக்காதாடா?" சாதாரண சால்டர் கம்பியில பாதிக்குக் கொஞ்சம் குறைவா ஈயம்தான். நாலு வருஷம் லேப்ல கையாண்டவன் நான், இந்தக் கேள்வி எனக்குத் தோணவே இல்லை. அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு, ஆணியைச் சூடு பண்ணி வேற டப்பாவுல ஓட்டை போட்டேன்.

ரெண்டரை நாள் ஓடுச்சு. முளை ஒவ்வொண்ணும் ரெண்டு இன்ச், வெள்ளை வெளேர்னு. பக்கெட்டுத் தண்ணி லேசா மஞ்சளாகி, ஓரத்துல நுரை கட்டியிருந்துச்சு. பார்த்தேன், கண்டுக்கலை. வெங்காயம், எலுமிச்சை, மிளகுத்தூள் போட்டு நானும் ரூம்மேட்டும் பச்சையாவே சாப்பிட்டோம். போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "சனிக்கிழமை இதேதான் எனக்கும்"னு பதில் வந்துச்சு.

மறுநாள் ராத்திரி ஆரம்பிச்சுது. வயித்துப்போக்கு, வாந்தி, காய்ச்சல். விவரம் வேண்டாம், சாப்பிட்டுக்கிட்டே படிக்கறவங்க இருப்பீங்க.

பிரியாணி மேல பழி

டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிட்டீங்க?" ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொன்னோம், "பிரியாணி சார்." முளைப்பயறு ஞாபகத்துக்கே வரலை. ஹெல்த்தி சாப்பாட்டை யார் சந்தேகப்படுவா?

ரெண்டு நாள் கழிச்சு, தலை நிமிர்ந்தப்புறம்தான் டீபக் பண்ணேன். அந்த பிரியாணியை மூணு பேர் சாப்பிட்டோம். மூணாவது ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. அவன் முளைப்பயறைத் தொடலை. லேப் டெஸ்ட் எதுவும் எடுக்கலை, அதனால நிரூபிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்களே சொல்லுங்க, லாக்ல வேற என்ன வித்தியாசம் இருக்கு?

அப்புறம் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சப்போதான் உண்மையிலேயே பயம் வந்துச்சு.

2011, மே மாசம், ஜெர்மனி. ஈ. கோலை பாக்டீரியாவோட ஒரு ஆபத்தான வகை பரவுது. ஏறத்தாழ 3,800 பேருக்கு நோய். 800-க்கும் மேற்பட்டவங்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கற அளவுக்குப் போச்சு. 50-க்கும் மேற்பட்டவங்க இறந்து போனாங்க. முதல்ல பழி விழுந்தது ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல. அந்த நாட்டு விவசாயிகளோட விளைச்சல் விக்காம போச்சு. ஆனா வெள்ளரிக்காய் காரணமே இல்லை.

எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? நோயாளிகள்கிட்ட "என்ன சாப்பிட்டீங்க"ன்னு கேட்டா தக்காளி, வெள்ளரி, கீரைன்னு சொன்னாங்க. மேல தூவியிருந்த முளைகள் பெரும்பாலானவங்களுக்கு ஞாபகம் இல்லை, நம்ம கதை மாதிரியே. அதனால ஆட்களை விட்டுட்டு, ஒரு ரெஸ்டாரன்ட்ல யார் என்ன ஆர்டர் பண்ணாங்கன்னு எடுத்து, ஒவ்வொரு டிஷ்லயும் என்னென்ன போட்டாங்கன்னு சமையல்காரர்கிட்டக் கேட்டாங்க. பொதுவா இருந்தது முளைதான். கடைசியில வட ஜெர்மனியில ஒரு முளைப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தாங்க. அங்கிருந்து பின்னாடி போனா எகிப்துல இருந்து 2009-ல வந்த விதை.

என்ன விதைன்னு நினைக்கறீங்க? வெந்தயம். நம்ம அஞ்சறைப் பெட்டியில இருக்கற அதே வெந்தயம்.

2009-ல வந்த விதை, 2011-ல நோய். காய்ஞ்ச விதையில ரெண்டு வருஷம் அந்தக் கிருமி சும்மா உட்கார்ந்திருந்துச்சு.

"அது பெரிய பண்ணை, நம்ம வீட்டுச் சமையலறை சுத்தம்"னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. 1973-ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல சிலருக்கு வாந்தி பேதி. காரணம் பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா. வந்த வழி, வீட்டுல முளைகட்டறதுக்குன்னு வித்த ஒரு கிட். சோயா, கடுகு மாதிரி விதைகளை வீட்டுலயே முளைக்க வச்சுச் சாப்பிட்டவங்கதான் மாட்டினாங்க.

ஒரு சின்னக் கணக்கு

ஏன் முளைக்கு மட்டும் இந்தப் பிரச்சனை? கொத்தமல்லியையும் பச்சையாத்தான் சாப்பிடறோம்.

விதைக்கு என்ன வேணும்னு முதல்ல ஒரு லிஸ்ட் போட்டோமே: ஈரம், காத்து, இதமான சூடு, கரைஞ்சு வர்ற சர்க்கரை. பாக்டீரியாவுக்கும் அதே லிஸ்ட்தான். முளைகட்டறதுன்னா, பயறுக்காக நாம செய்யற ஏற்பாட்டுல பாக்டீரியாவும் ஓசியில தங்கிக்குது.

ஏதுவான சூழல்ல பாக்டீரியா சுமார் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு மடங்காகும்னு வைங்க. ஒரே ஒரு செல் இருந்தாலும், 12 மணி நேரத்துல 24 தடவை இரட்டிக்கும். ரெண்டோட 24-வது அடுக்கு 1,67,77,216. ஒண்ணே முக்கால் கோடிக்குப் பக்கம்! நிஜத்துல சாப்பாடும் இடமும் தீர்ந்து ஒரு கட்டத்துல நின்னுடும். ஆனா அதுக்குள்ள போதுமான சேதம் முடிஞ்சிருக்கும்.

"நல்லா கழுவினா போகாதா?" போகாது. விதைத் தோல்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கு, அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும். முளைக்கறப்போ முளைக்குள்ளேயே போயிடவும் முடியும். அமெரிக்காவுல முளைப் பண்ணைகள் விதையை 20,000 பிபிஎம் அளவு குளோரின் கரைசல்ல நனைக்கணும்னு சொல்ற அளவுக்குப் போனாங்க. அப்பவும் நூறு சதவீத உத்தரவாதம் கிடையாது.

இப்போ என் வெர்ஷன் 3-ஐப் பாருங்க. ஏதோ ஒரு பயறுல இருந்த கிருமியை எடுத்து, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதே தண்ணியில, எல்லாப் பயறுக்கும் நானே பந்தி பரிமாறியிருக்கேன். முளைகட்டற மிஷின்னு நினைச்சு நான் கட்டினது பாக்டீரியாவுக்கு ஒரு பஸ் சர்வீஸ்.

கர்ப்பிணிகள், அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகள், வயசானவங்க, நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க பச்சை முளையைச் சாப்பிடக் கூடாதுன்னு பல நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லுது. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி அக்காவுக்கு போன் பண்ணேன். என்ன பேசறதுன்னு தெரியலை. "சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டேன்.

வெர்ஷன் 4: பம்ப் இல்லை, போர்டு இல்லை

அப்புறம் யோசிச்சேன். எங்க பாட்டி முளைப்பயறைப் பச்சையா கொடுத்ததே இல்லை. சுண்டல், குழம்பு, இல்லைன்னா ஆவியில ஒரு தடவை காட்டிட்டுத் தாளிப்பு. பாக்டீரியா கணக்கெல்லாம் பாட்டிக்குத் தெரியாது. ஆனா அவங்க ப்ராசஸ்ல கடைசி ஸ்டெப் இருந்துச்சு. அதை நான் டெலீட் பண்ணிட்டு, மத்த எல்லாத்தையும் ஆட்டோமேட் பண்ணியிருக்கேன்.

அதனால புது டிசைன்ல ஒரே விதி: கடைசி ஸ்டெப்பை மறக்கவே முடியாத மாதிரி கருவி இருக்கணும். முளை எதுல வளருதோ, அதுலேயே வேகணும். பாட்டிலோட குறை இதுதான். அதை அடுப்புல வைக்க முடியாது.

சாமான்: இட்லிப் பானை மேல உட்கார்ற அளவுக்கு ஓட்டை போட்ட எவர்சில்வர் வடிகட்டி ஒண்ணு, அதுக்குக் கீழே வைக்க ஒரு கிண்ணம், ஒரு பருத்தித் துணி. எனக்குச் செலவு பூஜ்யம். எல்லாமே வீட்ல இருந்துச்சு.

ஒண்ணு. மளிகைக் கடைப் பயறு போதும். விதைக்கறதுக்குன்னு விக்கற விதையை வாங்காதீங்க, பூஞ்சை மருந்து கலந்திருப்பாங்க. ரொம்ப நாள் பயறா இருக்குமோன்னு சந்தேகமா? 50 பயறை எண்ணி ஈரத்துணியில ஒரு நாள் வச்சுப் பாருங்க. பாதி கூட முளைக்கலைன்னா அது சாம்பாருக்கு.

ரெண்டு. வடிகட்டி, கிண்ணம், துணி மூணையும் கொதிக்கிற தண்ணியில முக்கி எடுங்க. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க.

மூணு. ஒரு டம்ளர் பயறுக்கு நாலு டம்ளர் குடிக்கிற தண்ணி. பச்சைப்பயறுன்னா எட்டு மணி நேரம், சென்னை வெயில்ல ஆறு போதும். கொண்டைக்கடலைக்கு பன்னிரண்டு. ஊறின தண்ணியைக் கொட்டிடுங்க.

நாலு. வடிகட்டியில ஒரு இன்ச்சுக்கு மேல கனமில்லாம பரப்பி, ஈரத்துணியால மூடி, கிண்ணத்து மேல வைங்க. வடிகட்டி கிண்ணத்து அடியைத் தொடக் கூடாது. ஃபேனுக்குக் கீழே வேண்டாம்.

அஞ்சு. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை புதுத் தண்ணி ஊத்தி அலசுங்க, முடிஞ்சா நடுவுல ஒண்ணு. கிண்ணத்துல வடிஞ்ச தண்ணி செடிக்கு. திரும்பப் பயறுக்கு ஒருபோதும் இல்லை.

ஆறு. ஒரு நாள்ல வால் வந்துடும். ஒரு சென்டிமீட்டர் ஆனதும் நிறுத்துங்க. ரெண்டு இன்ச் முளை போட்டோவுக்கு நல்லா இருக்கும், ஆனா ஒவ்வொரு கூடுதல் மணி நேரமும் அந்த இரட்டிப்புக் கணக்குக்குப் போகுது.

ஏழு. அதே வடிகட்டியை அப்படியே கொதிக்கிற இட்லிப் பானை மேல தூக்கி வச்சு மூடுங்க. நல்லா ஆவி வந்ததிலிருந்து ஏழெட்டு நிமிஷம். நடுவுல இருக்கற பயறு வரைக்கும் கொதிக்கக் கொதிக்க சூடாகியிருக்கணும். லேசா கடிபடும், பச்சை வாடை போயிருக்கும். ஆறினதும் ஃப்ரிட்ஜ், ரெண்டு நாளுக்குள்ள காலி பண்ணிடுங்க.

வாடை வந்தாலோ, கொழகொழப்பு இருந்தாலோ, வேக வச்சுக் காப்பாத்தப் பார்க்காதீங்க. நான் சொன்ன பேசில்லஸ் சீரியஸ் விட்டுட்டுப் போற நஞ்சுல ஒரு வகை, கொதிக்க வச்சாலும் அழியாது. நேரா குப்பைக்கு.

வாய்ஸ் நோட்ல வந்த கேள்விகள்

"வேக வச்சா சத்தெல்லாம் போயிடாதா?" வைட்டமின் சி கொஞ்சம் குறையும். காய்ஞ்ச பயறுல அது அவ்வளவா இல்லை, முளைக்கறப்போதான் உருவாகுது. ஆறினதும் எலுமிச்சை பிழிஞ்சுக்கோங்க, கணக்கு சரியாயிடும். வாயுத் தொல்லை கொடுக்கற சர்க்கரைகள் முளைக்கறப்போவே குறைஞ்சுடும், அந்த லாபம் எங்கேயும் போகாது.

"முளைகட்டினா புரோட்டீன் பல மடங்கு ஏறுமாமே?" ஜிம்ல இதை நானும் கேட்டிருக்கேன். 100 கிராம் காய்ஞ்ச பச்சைப்பயறுல புரோட்டீன் சுமார் 24 கிராம். 100 கிராம் நீள முளையில சுமார் 3 கிராம். ஏன்னா அதுல 90 சதவீதம் தண்ணி. நீங்க போட்ட பயறுல எவ்வளவு இருந்துச்சோ ஏறக்குறைய அவ்வளவுதான் திரும்ப வரும். ஜீரணம் சுலபமாகும், அது உண்மை.

"ராஜ்மாவை இதே மாதிரி பண்ணலாமா?" வேண்டாம். பச்சை ராஜ்மாவுல லெக்டின்னு ஒரு நஞ்சு இருக்கு. அதுக்கு ஊற வச்சு, தண்ணிய மாத்தி, குறைஞ்சது பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும். ஆவி மட்டும் போதாது.

முடிக்கறதுக்கு முன்னாடி

அக்காவுக்குப் பொண்ணு பொறந்துச்சு. இப்போ ஒன்றரை வயசு. போன மாசம் ரூமுக்கு வந்திருந்தாங்க. வடிகட்டியில இருந்த முளைப்பயறைப் பார்த்துட்டு அக்கா ரெண்டை எடுத்து வாயில போடப் போனா. "இரு இரு, இன்னும் வேகலை"ன்னு நான் கத்தின சத்தத்துல குழந்தை அழுதுடுச்சு.

எட்டு நிமிஷம் கழிச்சு, கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் போட்டுத் தாளிச்சு, ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தேன். குழந்தைக்கு மசிச்சு ரெண்டு ஸ்பூன். "உங்க அம்மா வயித்துக்குள்ள நீ இருந்தப்போ உனக்கு ஒரு சாலட் செஞ்சு வச்சிருந்தேன் பாப்பா"ன்னு ஆரம்பிச்சேன். அக்கா முறைச்சா. மீதியை அவ பெரியவளானதும் சொல்லிக்கலாம்.

அந்த பம்ப் இப்போ ரூம்மேட்டோட மீன் தொட்டியில ஓடுது. நல்லாவே வேலை செய்யுது.

இன்னைக்கு ராத்திரி ஒரு டம்ளர் பயறு ஊற வைங்க. நாளன்னைக்குக் காலையில, வேக வச்சதுக்கு அப்புறம் மட்டும், எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வணக்கம்.